ஒருசந்திப் பொங்கல்

ஏப். 12, புதன்
கொழும்பு வெள்ளவத்தை. சரியான வெக்கை. ஃபேன் சுற்றுகிறது, காற்றுத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை சித்திரை வருடப்பிறப்பு. அன்றைக்கே பெரிய வெள்ளியும். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் வருடப்பிறப்பு. சேந்தனின் அம்மா, என் மாமி, இறைச்சி தொடாத சைவம்; ஒரு கிழமையாக ஆயத்தம். கத்தோலிக்கப் பெண்ணான எனக்கோ அன்று ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு. மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனை சேர்ச்சில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பல் வேறு பாட வேண்டும்.

வாங்க வேண்டியது: வெற்றிலை, கற்பூரம், தொண்டைக்கு அதிமதுரம்.

ஏப். 13, வியாழன்
மாமி: "வருசத்தண்டைக்கு ஆரும் பட்டினி கிடப்பினமே பிள்ளை?"

அம்மா போனில்: "நீ முருகன் கோவில்ல தாலி கட்டின, நான் வரல்ல. இப்ப பொங்கலும் சாப்பிட்டுட்டு இங்க பாட வராத." வைத்துவிட்டா.

சேந்தன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "ஒண்டை விடுமன்."

எதை? அவரில் நல்ல கோபம். எனக்கு இரண்டும் வேண்டும், அதுவும் முழுதாக. மாமியின் பொங்கலுக்கும் இருப்பேன், சேர்ச்சுக்கும் போவேன்.

ஏப். 14, வெள்ளி
விடிய தலையில் மூலிகை மருத்துநீர் வைத்து முழுக்கு. பஞ்சாங்கம் சொன்ன நிறம் சிவப்பு. பெரிய வெள்ளிக்குச் சிவப்பு உடுக்கமாட்டேன். வெள்ளைச் சேலை, சிவப்புக் கரை. மாமி கரையைப் பார்த்தா, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டா.

மத்தியானம் வரை வெறும் தண்ணீர். பிறகு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயிறு நிறையப் பொங்கல்.

"மாமி, இண்டைக்கு எனக்கு ஒரு நேரம்தான். அது உங்கட பொங்கல்தான்."

மாமி இன்னொரு அகப்பை போட்டா.

த்ரீவீல்காரர் பொட்டைப் பார்த்துச் சிங்களத்தில் அவுருது, அதாவது வருடப்பிறப்பு, வாழ்த்து. சேர்ச் வாசலில் நிறுத்தியதும் குழப்பம். "மிஸ் கத்தோலிக்கத?" "ஓவ்." "அவுருது?" அதற்கும் ஓவ், ஆம்தான்.

பாடகர் வரிசையில் இரண்டு பேர் பொட்டை முறைத்தார்கள். முறைக்கட்டும். பாடினேன். குரல் நன்றாக நின்றது. எனக்கே சந்தோசம்.

முடிய, வாசலில் அம்மா.

"சாப்பிட்டியா?"

"ஓம். இண்டைக்கு அது மட்டும்தான்."

அம்மா என் பொட்டைப் பார்த்தா. எனக்குப் பயம்தான், இல்லையென்று எழுதமாட்டேன்.

"உயிர்த்த ஞாயிறு பாஸ்குவுக்கு உன்ட மாமியையும் கூட்டிட்டு வா. அவவுக்கு இறைச்சி படாத சட்டி இருக்கு."

"எப்ப வாங்கின?"

"உன்ட கல்யாணத்தண்டு."