சில்லைக் கழற்றிக் கொடுத்தவன்

காரின் பின்பெட்டியில் வருடக்கணக்காகக் கிடந்த ஒரு போத்தலைக் குசினியில் வைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன். பனிக்காலத்தில் கார்க் கண்ணாடிக்கு ஊற்றும் நீலத் திரவத்தை இதில்தான் நிரப்பி வைத்திருந்தேன். வெந்நீர் விட்டு, அப்பச்சோடா போட்டு, மறுபடி வெந்நீர் விட்டும் அந்த மணம் போகவில்லை. மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறது. எந்தப் போத்தல் என்று உனக்குத் தெரியும். உன் நோர்வேக்காரன் தந்தது.

நீ போனது மார்ச்சில். பனியில் உறைந்த நிலம் இளகட்டும் என்று மே மாதம் வரை வைத்திருந்துதான் உன்னைப் புதைத்தார்கள். அதற்கும் நீ காத்திருந்தாய். காத்திருப்பதில் உனக்கு ஒருபோதும் குறை இருந்ததில்லை. எனக்குத்தான் அது ஆகாது.

யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து கணிதம் படித்தவர்கள் நாங்கள். நான் பொறியியல் முடித்து நேரே இங்கே வந்தேன். நீ படிக்கவென்று நோர்வேக்குப் போய், வடக்கே ஒரு கடலோர ஊரில் மீன் தொழிற்சாலையில் நின்றாய். பிறகு ஜெயராணியைக் கட்டிக்கொண்டு நீயும் இங்கே மொன்றியலுக்கு வந்தபோது, அங்கிருந்து நீ கொண்டுவந்தவை அந்த மொழியும் ஒரு கம்பளித் தொப்பியும்தான். அந்த ஊரில் பிறந்த ஒருவன் ஐரோப்பாவின் பெரிய சைக்கிள் அணியொன்றில் ஓடுகிறான் என்று ஒருநாள் கண்டுபிடித்தாய். அதோடு என் செப்டம்பர் ஞாயிறுகளும் போயின.

ஒவ்வொரு வருடமும் நகர் நடுவில் இருக்கும் மலைக்குச் சைக்கிள் போட்டி வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் சாப்பிட றோல்ஸ் வாங்கிக்கொண்டு, ஏற்றத்தின் நடுவில், அதே மரத்தடியில் நிற்போம். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகிற போட்டி. நாள் முழுக்க அதே மனிதர்கள் அதே ஏற்றத்தில் மூச்சு வாங்குவார்கள். அவன் வரும்போது நீ சின்ன நோர்வேக் கொடியை ஆட்டி, "ஹையா, ஹையா" என்று கத்துவாய். அவர்களுடைய உற்சாகச் சொல்லாம். கொடி பிடித்த கறுத்த தமிழனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். உனக்கு வெட்கமே இருந்ததில்லை.

முதல் வருடம் நான் கேட்டேன்.

"எத்தனை போட்டி வெண்டவன்?"

"ஒண்டு. அதுவும் தொடக்கத்திலை, நோர்வேயிலை."

"பேந்து?"

"பேந்து வேலை செய்யிறான்."

அது என்ன வேலை என்று நீதான் விளங்கப்படுத்தினாய். பின்னால் வரும் அணிக் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது. எதிர்க்காற்றைத் தான் வாங்கி முன்னால் ஓடி, அணித் தலைவனைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் காப்பது. கடைசி ஏற்றத்தில் களைத்து விலகுவது. வெற்றிப் படத்தில் தலைவன் மட்டும் நிற்பான். பத்துப் பன்னிரண்டு வருடம் அவன் செய்த தொழில் இதுதான். அவன் எங்கே எத்தனையாவதாக வந்தான் என்று தொலைபேசியில் எனக்குச் சொல்வாய். நூற்றுக்கு மேல்தான் எப்போதும்.

"இதெல்லாம் ஒரு சீவியமே?" என்பேன்.

"சம்பளம் குடுக்கிறாங்கள், சைக்கிள் குடுக்கிறாங்கள். உனக்கு என்ன குறைச்சல்?"

எனக்கு என்ன குறைச்சல் என்று உனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் என் பட்டம் செல்லாது என்றார்கள். நான் கணித்து வரைந்த பாலங்களுக்கு இருபது வருடமாக வேறு யாரோ கையெழுத்து வைக்கிறார்கள். நான் பழக்கிவிட்ட ஒருவன் இன்று எனக்கு மேலாளர். எனக்காகப் பேசுவதாகச் சொன்ன இன்னொருவன், பேசவேண்டிய கூட்டத்தில் தலை குனிந்து கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கரண்டிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்காக ஒருவரும் கோபப்படவில்லையே என்று உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீ "ம்" என்பாய். பிறகு நோர்வேக்காரன் கதைக்குப் போய்விடுவாய்.

அந்தச் சைக்கிள் சில்லு விஷயம் எங்கள் கண்முன்னேதான் நடந்தது. அந்த வருடம் அவன் நன்றாக ஓடினான். முன்னால் போன சிறு கூட்டத்தில் அவனும் இருந்தான், அவனுடைய தலைவனும் இருந்தான். இன்றைக்கு உன்னுடையவனும் வெல்லலாம் என்று நானே சொன்னேன். சரியாக எங்கள் மரத்தடியில் தலைவனின் முன்சில்லுக்குக் காற்றுப் போனது. அணியின் கார் எங்கோ பின்னால். நோர்வேக்காரன் உடனே இறங்கி, தன் முன்சில்லைக் கழற்றிக் கொடுத்தான். தலைவன் திரும்பியும் பார்க்காமல் ஏறிப் போனான். இவன் ஒற்றைச் சில்லுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அருகில் நின்றான். முகம் முழுக்க வியர்வை காய்ந்த உப்பு.

உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கேளடா அவனிட்டை. கோவம் வரேல்லையோ எண்டு கேள்," என்றேன். நீ அவனுடைய மொழியில் என்னவோ கதைத்தாய். அவன் சிரித்தான். பிறகு என்னை ஒருமுறை பார்த்தான். கார் வந்து புதுச் சில்லைப் போட்டதும், பாதி குடித்த போத்தலை உன்னிடம் அல்ல, என்னிடம் நீட்டிவிட்டுப் போனான். குப்பையை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன். தலைவன் அன்று வென்றான்.

வீடு திரும்பும்போது பார்க் அவென்யூ பஸ்ஸில் உன்னைக் கேட்டேன்.

"என்ன சொன்னவன்?"

"மீன் தொழிற்சாலையை மூடிட்டாங்களாம்."

"விசரா, நான் கேட்கச் சொன்னதைக் கேட்டியோ?"

"பேந்து சொல்லுறன். றோல்ஸ் மிச்சம் கிடக்கோ?"

பிறகு என்று நீ சொன்ன அந்தப் பேந்து வரவேயில்லை. வைத்தியசாலையில் உன் கட்டில் அருகே இருந்து மறுபடியும் கேட்டேன். "இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டிருக்கிறாய் மச்சான். முதல் இந்தத் தலையணையை உயர்த்து," என்றாய். உயர்த்தினேன். நீ நித்திரையாகிப் போனாய்.

கடந்த வெள்ளிக்கிழமை ஜெயராணி உன் கொடியோடு வந்தாள். "அந்த நோர்வேக்காரன் இந்த வருசத்தோடை நிப்பாட்டுறானாம் அண்ணை. இவர் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் இதை வைச்சு என்ன செய்யிறது, நீங்கள் கொண்டு போங்கோ," என்றாள். போக மனமில்லை. ஞாயிறு வந்ததும் போனேன். மரத்தடியில் தனியே நின்றேன். உன்னைப் போல் கத்த எனக்கு வரவில்லை. கொடியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவதற்கு இரண்டு சுற்று இருக்கும்போது அவன் எல்லோருக்கும் பின்னால், தனியாக வந்தான். அவனுடைய வேலை முடிந்திருந்தது. கொடியைக் கண்டு கம்பியருகே நிறுத்தினான். எனக்குப் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தான்.

"நண்பர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

இறந்துவிட்டார் என்றேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். அதைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினான். இதற்குமேல் யாரிடம் கேட்பது என்று நானே கேட்டுவிட்டேன். "அன்றைக்குச் சில்லைக் கொடுத்தபோது உனக்குக் கோபம் வரவில்லையா?"

"வந்தது," என்றான். "அடுத்த கிழமையும் ஒரு சில்லுக் கொடுத்தேன். அன்றைக்கும் வந்தது."

பிறகு அவன் சொன்னதைத்தான் நீ எனக்குச் சொல்லவில்லை. "உங்கள் நண்பர் அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவன் உனக்காகக் கோபமாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை. அதனால்தான் போத்தலை உங்களுக்குத் தந்தேன். நன்றி சொல்லச் சொன்னேனே, சொல்லவில்லையா?"

இல்லை என்றேன். அவன் சிரித்தான், உன்னை நினைத்துத்தான் இருக்கவேண்டும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மெதுவாக ஏறிப் போனான்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் அதையும் பிழையாக எடுப்பேன் என்று நினைத்தாயா, அல்லது றோல்ஸ் ஞாபகத்தில் மறந்தே போனாயா? உன்மேல் எனக்கிருக்கும் கோபங்களில் இது புதியது. பழையவை ஒன்றும் ஆறவில்லை. ஒருவன் தந்த நன்றிக்குள் இத்தனை வருடம் கார்க் கண்ணாடித் திரவத்தை ஊற்றி வைத்திருந்திருக்கிறேன்.

நாளை காலை ஒரு பாலத்தின் வரைபடம் என் மேசையில் முடியவேண்டும். முடித்துக் கொடுப்பேன். மேலாளர் கையெழுத்து வைப்பான். எனக்குக் கோபம் வரும். மாலையில் அதைச் சொல்லத் தொலைபேசியை எடுத்து, உன் இலக்கத்தை அழுத்தப் போய், வைத்துவிடுவேன்.

போத்தலை மறுபடியும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மணம் இன்னும் இருக்கிறது. குடிக்க முடியாது. இருந்தாலும் காரில் இனி வைக்கமாட்டேன்.