என் மருமகளுக்கு வயிற்று வலி இருந்ததில்லை

அனுப்புநர்:
இறந்த பெண்ணின் மாமியார்,
விடுதிச் சமையல்காரர்,
தற்போது சம்பந்தி வீட்டு முகவரியில்.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மருமகள் கடைசியாகச் சொன்னதை வழக்கில் சேர்த்து, என் மகன் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த என் மருமகள், போன மாதம் விஷம் குடித்து மருத்துவமனையில் இறந்தாள். நீதித்துறை நடுவர் பதிந்த மரண வாக்குமூலத்தில், தீராத வயிற்று வலியால் குடித்ததாக உள்ளது. அதை வைத்தே வழக்கை முடிக்கப் போவதாக அறிகிறேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2. நடுவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் விசாரித்தார். அவர்மேல் குறையில்லை. ஆனால் அவர் வருவதற்குச் சற்று முன் என் மகன் கட்டிலருகே குனிந்து, "வாயத் தொறந்தே, புள்ளைய மறந்துட வேண்டியதுதான்" என்றான். தண்ணீர் பிடித்து வந்த என் காதில் அது விழுந்தது.

3. மறுநாள் அவன் டீ குடிக்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள். "அத்தை, வயித்து வலின்னு பொய் சொல்லிட்டேன். கடைக்காரரோட சேத்துவெச்சுப் பேசிப் பேசி அடிச்சாரு. அன்னிக்கு அவரே பாட்டில எடுத்து முன்னால வெச்சு, மானம் இருந்தா குடின்னாரு. பாப்பாவ அவர்கிட்ட விட்டுறாதீங்க" என்றாள். ஊசி போட வந்த செவிலியரும் கேட்டார். நடுவரை மறுபடி அழைக்கச் சொல்லி மருத்துவரிடம் ஓடினேன். நடுவர் வருமுன் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

4. காவல் நிலையத்தில் ஆய்வாளர், "பெத்த புள்ளையவே உள்ள தள்ளப் பாக்குறீங்களே. போய்ப் பேத்தியப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். பேத்தியைத்தான் பார்க்கிறேன் ஐயா. அவளைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். சம்பந்தியம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

5. ஆகவே செவிலியரை விசாரிக்கவும், என் வாக்குமூலத்தை நடுவர் முன் பதியவும் உத்தரவிட வேண்டுகிறேன். செவிலியர் மாற்றலாகிப் போகிறாராம். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதை எழுதவில்லை. அவன் எனக்கு ஒரே மகன். நேற்று போனில், "சோறு இல்லாம கெடக்கேம்மா" என்று அழுதான். நானும் அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என்னைச் சீக்கிரம் கூப்பிடுங்கள் ஐயா. நான் பெற்றவள், நாளைக்கு எப்படி இருப்பேனோ தெரியாது.

இடம்: சம்பந்தி வீடு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
இறந்தவளின் அத்தை