கருவாட்டு நாக்கும் பள்ளிக்கூடச் சாம்பாரும்

ஜூன் 12, வியாழன்

என் பெயர் முகமது யூசுப். இதை எழுதுவது நானேதான்.

உக்கடத்தில் காலமெல்லாம் கருவாடு விற்றேன். கடைப் பலகையில் என் பெயர்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் வாசித்துப் பார்த்தேன். என் பெயர்தான்! அல்ஹம்துலில்லாஹ்.

என்னை 'நன்னா' என்று கூப்பிடும் பேத்தி சஃபியாவின் மாநகராட்சிப் பள்ளியில், சாயங்காலம் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. முதல் பரீட்சையில் பாஸாகிவிட்டேன். "தினம் ஒரு வரியாவது எழுதுங்க ஐயா, இல்லைனா கை மறந்துரும்" என்றார் சைத்ரா டீச்சர். அதற்காகத்தான் இந்த நோட்டு. 'ழ' போட இன்னும் நேரமாகிறது. எனக்கென்ன அவசரம்?

ஜூன் 13, வெள்ளி

பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையை முழுதாகப் படித்து முடித்தேன். அதற்குள் பஸ் போய்விட்டது.

ஜூன் 18, புதன்

பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஒரு டீச்சரும் பெற்றோரில் ஒருவரும் ருசி பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். நாளைக்கு மகள் சாஜிதாவின் முறை. அவளுக்குத் தையல் கம்பெனியில் லீவு இல்லை. "அத்தா, நீங்க போய்ட்டு வாங்க. உங்களுக்குத்தான் இப்ப எழுதத் தெரியுமே" என்றாள்.

சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சமையல்கார அம்மாவின் பெயர் பாவாத்தாள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தட்டில் சாதமும் சாம்பாரும் முட்டையும் கொடுத்தார். "ஏனுங்க பாய், பாத்துச் சொல்லுங்க" என்றார். சாப்பிட்டேன். பருப்பு குழைய வெந்திருந்தது. காய் பதம். ஆனால் உப்பு எங்கே?

பதிவேட்டைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் 'நன்று', 'நன்று', 'நன்று'. இதற்கா எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது? பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினேன்:

'சாம்பாரில் உப்பு மிகவும் குறைவு. பிள்ளைகள் பாவம். இப்படிக்கு மு. முகமது யூசுப், கருவாடு வியாபாரம், உக்கடம்.'

ஒரு பிழை இல்லை. பாவாத்தாள் அதைப் பார்த்துச் சிரித்தார். "அழகா எழுதறீங்க பாய்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டைப் பிரித்தாராம். 'நன்று'களுக்கு நடுவில் என் வரிதான் கண்ணில் பட்டிருக்கிறது. வேறென்ன படும்? பாவாத்தாளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். சரியாக இல்லையென்றால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். பேரூர் தாண்டிப் போக வேண்டிவரும் என்று சஃபியா சொன்னாள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி.

நான் எழுதியது உண்மைதானே? ஆமாம், உண்மைதான். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூன் 26, வியாழன்

தலைமை ஆசிரியை ராமாமணி டீச்சர் என்னைத் திரும்பவும் கூப்பிட்டு அனுப்பினார். பாவாத்தாள்தான் கேட்டாராம். "குத்தம் சொன்னவரே வந்து பாக்கட்டுங்க. நானும் சரி பண்ணிட்டேன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டே. கூட ருசி பார்க்க வேண்டிய டீச்சருக்கு வியாழக்கிழமை விரதம். ஆகவே போன வாரம் போலவே நான் மட்டும்.

ஒரு வாய் வைத்தேன். ஆகா! "அம்மணி, இதுதான் சாம்பார்!" என்றேன். 'மிக மிக நன்று' என்று எழுதிவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது.

அதே நாள், மக்ரிப் தொழுகைக்குப் பிறகு

ஒன்றும் சரியாகவில்லை.

சஃபியா வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். "நன்னா, இன்னிக்கு சாம்பார் உங்க கடை மாதிரியே இருந்துச்சு" என்றாள். பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லையாம். வியாழக்கிழமைதான் ரத்தத்துக்கு ரோஸ் மாத்திரை கொடுக்கும் நாள். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், அதையும் கொடுக்கவில்லை. போன மருத்துவ முகாமில் சஃபியாவுக்கே ரத்தம் கம்மி என்றுதானே சொன்னார்கள்!

சாஜிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அத்தா, சரக்கு நல்லாருக்கானு நக்கி நக்கிப் பாத்த நாக்கு உங்களுது. அதுக்குக் கடல்லயே உப்பு பத்தாது. உங்களைப் போய் அனுப்பினேன் பாருங்க."

போச்சு. எல்லாம் போச்சு. அந்த அம்மா என் பேச்சை நம்பி அள்ளிப் போட்டிருக்காங்க. அப்பச் சரியா இருந்ததைக் குறைன்னேன். இப்பக் கரிக்கிறதை மிக மிக நன்றுன்னு எழுதிப்போட்டேன். அந்த ஒரு 'மிக' பத்தாதா? ரெண்டு 'மிக' எதுக்கு?

ஜூன் 27, வெள்ளி

சமையலறை வாசலில் போய் நின்றேன். பாவாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தப்பு என் நாக்குலங்க அம்மணி" என்றேன்.

"அன்னிக்கு நீங்க எழுதுறப்ப பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும். நல்லதா எழுதறீங்கன்னு நெனச்சுச் சிரிச்சேனுங்க பாய்" என்றார். "வாயில சொல்லியிருந்தா, ஆபீசர் கேக்கிறதுக்கு முந்தியே நாலு பேருக்கு ஊத்திக் குடுத்துக் கேட்டிருப்பேனே."

வாயால் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எழுதத்தான் தோன்றியது.

ஜூலை 1, செவ்வாய்

நாலு தாளைக் கிழித்த பிறகு அதிகாரிக்கு எழுதி முடித்தேன். 'ஐயா, என் நாக்கு கருவாட்டு நாக்கு. சாம்பார் மேல் குறை இல்லை. அடுத்த வாரம் கரித்ததற்கும் நான் சொன்னதுதான் காரணம். வேண்டுமானால் என்னைப் பேரூர் தாண்டி மாற்றுங்கள்.' ராமாமணி டீச்சர் படித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கடைசி வரியை எடுத்துரலாமுங்களா?" என்றார். எடுக்க முடியாது என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

பதில் இல்லை.

ஜூலை 10, வியாழன்

அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம். இரண்டாவது முறை சாம்பார் வாங்கினாராம். பாவாத்தாள் இங்கேயே இருக்கலாம். என்னைத்தான் ருசி பார்க்க விடக் கூடாது என்று உத்தரவு.

நியாயம்தான். இனி நான் குழாயடியில் நிற்கலாமாம். சாப்பிடும் முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு நாக்கு தேவையில்லை.

பாவாத்தாள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

சாயங்கால வகுப்பில் என் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பாவாத்தாள். புது சிலேட்டு.

"தள்ளி ஒக்காருங்க பாய்" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

குழாயடியில் இன்று ஒரு பயல் கையை நனைத்துவிட்டு ஓடப் பார்த்தான். பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் சைத்ரா டீச்சர், "இன்னிக்கு அவங்கவங்க சொந்தமா ஒரு வரி எழுதுங்க" என்றார். பாவாத்தாள் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். வெகுநேரம் எழுதினார். முடித்துவிட்டு சிலேட்டை என் பக்கம் தள்ளினார்.

'அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு.'

இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. பலப்பத்தை வாங்கி, கீழே இருந்த கொஞ்ச இடத்தில் எழுதினேன்:

'நன்று.'