அறுபத்தைந்து வயதுக் கோட்டா

கரும்புக்கடை, கோவை

அன்பு மகள் ரிஃபத்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோருக்கும் சுகம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாயிருக்க துஆ செய்கிறேன். உடம்பு சுகம்தான், மனசுதான் கசந்து கிடக்கிறது.

ஹஜ்ஜுக்கு எழுதிப்போடப் பேச்சு வந்தது உனக்குத் தெரியும். அறுபத்தைந்து தாண்டியவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் தனிக் கோட்டா, குலுக்கல் இல்லை என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அத்தாவோடு சேர்ந்து நடத்திய கடையைப் பிரித்ததிலிருந்து இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத உன் சின்னத்தா ரசாக் பேரீச்சம்பழத்தோடு வந்து நின்றார். "அண்ணனுக்குத் துணையா நான் போறனுங்க அண்ணி, முட்டிவலியோட நீங்க எப்படிங்க நடப்பீங்க" என்றார். என் முட்டி மேல் இத்தனை வருஷம் இல்லாத அக்கறை! உன் அத்தாவோ பழத்தை மென்றுகொண்டே "அவன் சொல்றதும் செரிதானே" என்றார் பார், சீ என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நிய்யத் வைத்தவள் நான். கோட்டா லத்தீன் வார்த்தையாம், எத்தனை பங்கு என்று அர்த்தமாம், உன் தம்பி அஃபான் போனில் பார்த்துச் சொன்னான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக் கேட்டுப் பழகிய வார்த்தை, காலேஜ் சீட்டு, ரயில் டிக்கெட் என்று போய் இப்போது அல்லாஹ் வீட்டு வாசலிலும் நிற்கிறது. ஏலாதவர்களுக்கென்று ஒதுக்கினால் ஒட்டிக்கொள்ள ஒரு கூட்டம் வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை நான், அத்தா, ரசாக் மூவரும் எழுதிப்போட ஆன்லைன் சென்டருக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் பிரத்யுஷா அத்தாவின் பிறந்த தேதியைப் பார்த்து "ஐயாவுக்கு அறுபத்தஞ்சு ஆக நாலு மாசம் பத்தலைங்களே" என்றாள். நான் அவரைவிட ஒரு வயது மூத்தவள் என்று நிக்காஹ் அன்று ஊரே மென்று துப்பியது, அண்ணன் தம்பி இருவருக்கும் அது ஞாபகமே இல்லை. என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். கோட்டா இப்போது எனக்கு, துணை யார் என்பது என் இஷ்டம். உடனே ரசாக் "அண்ணி, நீங்க எங்களுக்குத் தாய் மாதிரிங்க" என்று குழைந்தார். கொழுந்தன் துணைக்கு வர மார்க்கத்தில் இடமில்லை என்று அவருக்குத் தெரியாதா?

அத்தா இரண்டு நாளாகத் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். உன்னிடம்தான் சிபாரிசுக்கு வருவார், நீ நடுவில் புகாதே. "நானும் வரட்டுமா" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் கூட்டிப்போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கேட்காவிட்டால் அஃபான் பெயரைப் போட்டுவிடுவேன்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் தரட்டும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

யார் வந்தாலும் வராவிட்டாலும் ஹஜ்ஜுக்குப் போகிற உன் அம்மா,
உம்மல் குல்சும்