கேட்டில் சொல்லிக்கொடுத்த பொய்

மார்ச் 4, செவ்வாய்
கன்னியாஸ்திரீகள் நடத்தும் அநாதை விடுதிக்கு வாசல் காவல்காரன் நான், கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். "வாய் உங்களோடது, எழுத்து என்னோடது. நடுவுல புகுந்து திருத்தாதீங்க" என்கிறாள்.

கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். வெளிநாட்டுச் சபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அநாதைப் பிள்ளைகள் விடுதியில் வளர்வதைவிட ஒரு குடும்பத்தில் வளர்வதுதான் நல்லதாம். சரிதானே? முதலில் போகப்போவது சிட்டு, எட்டு வயது. தொலைவில் ஒரு தையல்காரர் வீடு. பிள்ளை இல்லாதவர்கள்.

மார்ச் 5
சொல்ல ஒன்றுமில்லை என்றேன். "முகத்துல இருக்கே" என்றாள்.

மார்ச் 6, வியாழன்
ஊமைச்சி வந்து கேட்டருகே நின்றாள். பெரிய பெண்கள் பிரிவு, பதின்மூன்று வயது. பேசவே மாட்டாள் என்று பிள்ளைகள் வைத்த பெயர் அது. என்னிடம் மட்டும் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசுவாள்.

"தாத்தா, சிட்டு போற ஊருக்கு பஸ்ல எவ்ளோ நேரம்?"

"ஒரு பகல் ஆகும்."

"சரி."

"நீயே சிஸ்டர்கிட்ட சொல்லேம்மா."

"நீங்கதான தாத்தா சொல்லக் கூடாதுன்னீங்க."

மார்ச் 7, வெள்ளி
எழுதிக்கொள். ஆறு வருடத்துக்கு முன், நவம்பர் பதினேழு, சனிக்கிழமை, நல்ல மழை. பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்த இரண்டு பிள்ளைகள் இந்தக் கேட்டுக்கு வந்து நின்றார்கள். ஏழு வயதுக்காரி இடுப்பில் இரண்டு வயதுத் தங்கச்சி. சின்னதுக்கு ஒரு காலில் மட்டும் பச்சைச் செருப்பு. அப்போது பெரிய பெண்கள் பிரிவில் இடமே இல்லை, குழந்தைகள் பிரிவில் ஒரே ஓர் இடம். அதுவும் யாருமே இல்லாத பிள்ளைக்குத்தான்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "அக்கான்னு சொல்லாத. வழியில கெடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்னு சொல்லு. அதுக்கப்புறம் வாயே தொறக்காத." கேட்டில் சின்னக் கதவை மட்டும் திறந்து சின்னதை உள்ளே வாங்கிக்கொண்டேன். பெரியவளுக்கு என் குடையைக் கொடுத்தேன். குடை! மூன்று வாரம் தெருவில் கிடந்த பிறகு அவளைப் போலீஸ்காரர்கள் இங்கேயே கொண்டுவந்து விட்டார்கள்; அதற்குள் பெரிய பெண்கள் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அவள்தான் ஊமைச்சி. இங்கே பெரிய பெண்கள் எல்லாரையும் சின்னதுகள் அக்கா என்றுதான் கூப்பிடும். யாருக்குச் சந்தேகம் வரும்? சிட்டுக்கே தெரியாது.

மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஆறு வருஷம். எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல." பிறகு எடுத்தாள். "எழுதியாச்சு. நாளைக்குப் போய்ச் சொல்லுங்க."

"வேலை போயிடும்டி."

"நாம இருக்கிற இந்த வாச ரூமும்தான் போகும். போகட்டும்."

மார்ச் 8, சனி
சொல்லிவிட்டேன்.

பெரிய சிஸ்டர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திறந்தார். "யாருமில்லன்னுதானே எழுதியிருக்கு. உங்க வாய்ச்சொல்ல எப்படி நம்புறது? நாப்பத்தொண்ணாம் நம்பர் யாரு, சொல்லுங்க."

"ஜூலை மூணு, செவ்வாய். ரெட்டைப் பின்னல். கையில தலையில்லாத பொம்மை."

"அறுபது?"

அதையும் சொன்னேன். பதிவேட்டை மூடினார். "இவ்ளோ ஞாபகம் இருக்கிற மனுஷனுக்கு, இதச் சொல்ல மட்டும் ஆறு வருஷம் ஆச்சா?"



ஊமைச்சியைக் கூப்பிட்டார்கள். "தாத்தா சொல்லிக்குடுத்தது தப்பும்மா, உள்ளதச் சொல்லு" என்றேன். அவள் சிஸ்டரைப் பார்த்தாள். "சொன்னா எங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவீங்களா?" சிஸ்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மார்ச் 15
கேட், சாவி, கேட். அக்கா தங்கைதானா என்று பார்க்க இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 26, புதன்
அக்கா தங்கைதான், காகிதமே வந்துவிட்டது. தையல்காரருக்குச் சிஸ்டர் போன் போட்டார். "ஒண்ணுதானே கேட்டோம்" என்றாராம். வீட்டில் கேட்டுச் சொல்கிறாராம்.

என் வேலை போகவில்லை. ஆனால் இனி கேட்டில் எந்தப் பிள்ளைக்கும் நான் யோசனை சொல்லக் கூடாது. நேராகச் சிஸ்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நியாயம்தான்.

ஏப்ரல் 2
போன் வரவில்லை. ஊமைச்சி கேட்டுப் பக்கம் இரண்டு தடவை வந்து போனாள்.

ஏப்ரல் 12, சனி
தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். பையில் இரண்டு கவுன், ஒரே பூத்துணி. சிட்டுக்குக் கச்சிதம். பெரியவளுக்குக் கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"முப்பது வருஷத் தையக்காரராம்!" என்றாள் அந்த அம்மா.

"பொண்ணப் பாக்காமயே தச்சேன்டி. வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுத் தச்சுடலாம்."

பெரியவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் பல் வரிசையை இன்றுதான் பார்க்கிறேன்.

நாலு பேரும் புறப்பட்டார்கள். வண்டி வெளியேதான் நின்றது. சின்னக் கதவே போதும். நான் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன்.