ஊசியும் ஒரே ஒரு கருவும்

ஜூன் 8, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டிக்கு அடிதடி. எல்லோரும் மொட்டை போடப் போகிறவர்கள். எனக்கும் முரளிக்கும் மட்டும் வேறு வேலை.

இன்று முதல் அக்குபங்சர். ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடுகிறது என்று புலம்பியதற்கு ஃபாக்டரியில் தேவகிதான் இந்த இடத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்காமல் போகவில்லை. "செஞ்சுக்கோங்க. தூக்கம் வந்தா நல்லதுதானே. ஆனா என் மாத்திரையில ஒண்ணைக்கூட நிறுத்தக் கூடாது. கரு தங்கறதுக்கு உதவுமான்னு கேட்டா என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

போன மார்கழியில் ஐ.வி.எஃப். தோற்றது. உறைய வைத்த கரு ஒன்று மிச்சம். அடுத்த மாதவிலக்கு வந்ததும் மருந்து தொடங்கி அதை வைப்பார்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் இதோடு போதும். நானும் முரளியும் பேசி முடிவு செய்தாயிற்று. என் உடம்பும் தாங்காது, அவர் மனசும் தாங்காது.

ஊசிக்காரம்மா பெயர் லலிதம்மா. சுத்தத் தெலுங்கு. போனதுமே கையைப் பிடித்துக்கொண்டு, "பிட்டனி இச்சேதி நேனு காதம்மா" என்றார். குழந்தை கொடுப்பது அவர் இல்லையாம். நன்றாகத் தூங்க வைப்பாராம், பயத்தைக் கொஞ்சம் குறைப்பாராம், மிச்சம் டாக்டர் கையில். ரொம்பப் பிடித்துவிட்டது எனக்கு. இத்தனை வருஷத்தில் எதற்கும் சத்தியம் செய்யாத முதல் ஆள்.

ஊசி மயிரிழை மாதிரி. கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ், வயிற்றில், நெற்றி நடுவில் ஒன்று. வலி இல்லை. காலில் மட்டும் ஒரு கனம், உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி. வயிற்றுக்கு மேல் சூடு விளக்கு.

முரளி வெளியே ஓடிப்போய்விட்டார். நாள் முழுக்கக் கடையில் கரண்டு மோட்டாருக்குள் கை விடுகிற மனுஷர்! "அத என்னால பாக்க முடியாதுமே."

குறட்டை விட்டேனாம். லலிதம்மாவின் உதவிக்கு இருக்கும் பாரதி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஜூன் 11, புதன்

தூங்கினேன்! மூன்று நாளாகத் தூங்குகிறேன்.

ஃபாக்டரியில் மாம்பழ லாரி வரிசை ரோடு வரைக்கும். லேபில் உட்கார நேரமில்லை. பழக்கூழ் வாடை தலைமுடி வரைக்கும். ஆனாலும் எரிச்சல் வரவில்லை. தேவகி, "இன்னாடி, மூஞ்சி தெளிஞ்சி கீது" என்றாள்.

ஊசியா, தூக்கமா, லலிதம்மாவின் பேச்சா, தெரியாது. எதுவாக இருந்தால் என்ன.

வாங்க வேண்டியது: உளுந்து, அத்தைக்குத் தைலம், எனக்குத் தொளதொள பேண்ட் (ஊசி போட முட்டி வரைக்கும் ஏற வேண்டும்).

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது ஊசி. லலிதம்மா காதில் கடுகு மாதிரி ஏதோ வைத்து ஒட்டி அனுப்பினார், படபடப்பு வந்தால் அழுத்திக்கொள்ளச் சொல்லி. பஸ்ஸில் பக்கத்து அம்மாள் என் காதையே பார்த்தாள். "இன்னா கம்மல்மா இது, புதுசா கீது?" ஆமாம் என்றேன்.

இன்னும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மாதவிலக்கு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தால்தான் கருவை வைக்க முடியும்.

ஜூன் 18, புதன்

வந்துவிட்டது!! விடியும்போதே. தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு ஃபோன். நாளைக்கு ஸ்கேன், மாத்திரை ஆரம்பம். அடுத்து லலிதம்மாவுக்கு. பாரதி எடுத்தாள். சந்தோஷத்தில் கத்தியே சொன்னேன். அவளும் கத்தினாள். நல்ல பெண். முரளி அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார், வீட்டில் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

மாலை: பெரிய கூத்து நடந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் "தலைக்கு ஊத்திக்கினேன்" என்றால் மாதவிலக்கு. அதை அப்படியே தெலுங்கில் போட்டு பாரதியிடம், "நீள்ளு போசுகுன்னானு!" என்று கத்தியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சரிதானே? சரியில்லையாம். தெலுங்கில் அப்படிச் சொன்னால் கர்ப்பமாகிவிட்டேன் என்று அர்த்தமாம்!

நான் நகரியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் தெலுங்கு, சந்தையில் பேரம் பேசவும் ஆபீஸில் மனு கொடுக்கவும் போதும். கர்ப்பத்துக்கு எனக்கு எங்கே தெலுங்கு தேவைப்பட்டது?

பாரதி சும்மா இருந்தாளா? அங்கே எழுதி வைத்திருந்த முரளி நம்பருக்குக் கூப்பிட்டு, "கங்கிராட்ஸ் அண்ணா" என்றிருக்கிறாள். ஆஸ்பத்திரி இல்லாமல், தானாகவே கரு நின்றுவிட்டது என்று மனுஷர் நம்பிவிட்டார். எனக்கு ஃபோன் போட்டிருக்கிறார், நான் லேபில், ஃபோன் லாக்கரில். அவரால் பொறுக்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேரே காணிப்பாக்கம். விநாயகருக்குத் தேங்காய். வீட்டுக்கு வந்து அத்தை வாயில் சர்க்கரை.

நான் கேட்டைத் திறக்கிறேன், அத்தை ஓடி வந்து கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிறார். முரளி ஓரமாக நின்று சிரிக்கிறார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"இன்னாங்க, இன்னா விஷயம்?" என்றேன்.

"பாரதி சொல்லிச்சி. ஏன்மே எங்கிட்ட சொல்லல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். "இல்லைங்க. காலைல தலைக்கு ஊத்திக்கினேன். அதத்தான் தெலுங்குல சொன்னேன்."

அத்தை உள்ளே போய்விட்டார். முரளி தேங்காய் மூடிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு பகல் முழுக்க அவர் அப்பாவாக இருந்திருக்கிறார், அதை நான் வந்து பிடுங்கிவிட்டேன்.

அத்தைதான் வெளியே வந்தார், தேங்காய்த் துருவியைக் கையில் எடுத்துக்கொண்டு. "இன்னா இப்போ? மூடிய குடுடா, சட்னி அரைக்கணும். ரெண்டு பேரும் துன்னுட்டு படுங்க. நாளைக்கு ஸ்கேனுக்குப் போணுமா இல்லியா?"

முரளி மூடியை நீட்டினார். "போட்ட தேங்காய நான் திரும்பக் கேக்க மாட்டேன். சாமி அட்வான்ஸா வெச்சிக்கட்டும்" என்றார். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு மூன்று பேருக்கும் அடங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பாரதி என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். "சாரி அக்கா, சாரி அக்கா." லலிதம்மா அவளைத் திட்டி, என்னைத் திட்டி, கடைசியில் ஊசி குத்த முடியாமல் உட்கார்ந்து சிரித்தார். இனிமேல் என்னோடு தமிழிலேயே பேசுவாராம். பேசினார். அதுவும் தப்பும் தவறுமாக. கணக்கு சரி.

ஜூன் 30, திங்கள்

ஸ்கேன். கருப்பை உள்சுவர் நன்றாக வளர்ந்திருக்கிறது. போன தடவை இந்தக் கட்டத்திலேயே டாக்டரம்மா முகம் சுளித்தார். இன்று தலையாட்டினார்! மாத்திரையால்தான், எனக்குத் தெரியும். ஊசிக்கும் ஒரு வணக்கம் போட்டுவைத்தேன், யாருக்கு நஷ்டம்.

மழை வரும்போல இருக்கிறது. கொடியில் துணி.

ஜூலை 6, ஞாயிறு

நாளைக்குக் கரு வைக்கிறார்கள். லலிதம்மாவிடம் கடைசி ஊசி. இனிமேல் முடிவு தெரிகிற வரைக்கும் வேண்டாம் என்று அவரே சொன்னார், டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "நல்லா தூங்குங்க. பயம் வந்தா பயப்படுங்க, அது தப்பு இல்லை." லலிதம்மாதான், திக்கித் திக்கி, தமிழில்.

படபடப்பாக இருக்கிறது. ஆனால் பரீட்சைக்குப் போகிற மாதிரி இல்லை, திருவிழாவுக்குப் போகிற மாதிரி.

ஜூலை 7, திங்கள்

வைத்தாயிற்று. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. இவ்வளவுதான். இவ்வளவுதானா! முரளியை உள்ளே விட்டார்கள். இந்தத் தடவை ஓடவில்லை. என் கையை நசுக்கிவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மாத்திரை. சாப்பாடு. மாத்திரை. மார்பில் லேசாக வலி. கரு நின்ற அடையாளமா? மருந்தால்கூட வருமாம். ஃபோனில் தேடக் கூடாது. தேடினேன். மூடிவிட்டேன். மறுபடி தேடினேன். அத்தை ஃபோனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

திருப்பதி. காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஹாலில் காத்திருப்பு. டாக்டரம்மா கூப்பிட்டு, நாங்கள் உட்காரும் முன்னாலேயே, "நின்னுருக்கு" என்றார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இன்னும் ஸ்கேன், இன்னும் ரத்தம், இன்னும் எத்தனையோ இருக்கிறதாம், அதற்குள் ஆட வேண்டாமாம். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. முரளி, "மேடம், இவ பஸ்ஸுல வரலாமா?" என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்று சிரித்தார்.

வெளியே வந்தால் ஹால் நிறையப் பெண்கள். மடியில் ஃபைல். கதவு திறந்ததும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். போன தடவை நானும் அதே நாற்காலியில் இருந்து இப்படித்தான் ஒருத்தியைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் சிரிப்பைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். படியிறங்கி, ரோடு தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தோம். நூறு வண்டி ஹாரன்.

"இப்போ கத்துமே" என்றார் முரளி.

கத்தினேன்.