காசியில் விட்ட ஊர்

உ
சந்திரசூடேஸ்வரர் துணை

ஓசூர், 6-8-1989

சிரஞ்சீவி முனிவேலுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீ நல்லாருக்கியான்னு கேக்கப்போறதில்ல, அதான் வாராவாரம் பத்திரிகையில அச்சடிச்சே தெரிவிக்கிறியே. உன் பயணக் கட்டுரைய உன் தங்கச்சி ஜோதிமணி சத்தமா வாசிச்சா. ஊர் ஊராப் போறது பெருசில்ல, உக்காந்து எழுதுறப்பதான் எதுக்குப் போனேன்னே புரியுது, என்னையே தெரிஞ்சுக்கறேன்னு எழுதியிருக்க. எதுக்குன்னு தெரியாமயாடா டிக்கெட் எடுத்த? நான் முப்பது வருசமா தேருக்கு மலை ஏறுறேன், ஒரு வரி எழுதினதில்ல, சாமி என்னைத் தெரியாதுன்னா சொல்லிடுச்சு?

அது போகட்டும். காசிக்குப் போனா பிடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு விட்டுட்டு வரணும், விட்டதைத் திரும்பத் தொடக்கூடாது, பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நீ என்னடான்னா எல்லாரும் காயை விட்டாங்க, நான் என் ஊரை விட்டேன், மனசு லேசாச்சுன்னு எழுதியிருக்க. உங்கம்மா செத்தன்னைக்கு இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேனே, அந்தப் பாரமாடா உனக்கு இறங்குச்சு? ஜோதிமணிக்கு மாமியாராகப் போற சூளகிரி சம்பந்தி லட்சுமியம்மாள் அந்தப் பத்திரிகையச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டே வந்து, பொண்ணு கையில பொரி அள்ளிப் போட அண்ணன் வருவானா, இல்ல அவனையும் கங்கை கொண்டுபோயிடுச்சான்னு கேக்குது. பெரியப்பா அதுக்கு மேல. விட்டது விட்டதுதான், அவன் இந்த ஊரை மிதிச்சா தங்கச்சிக்குத்தான் தோஷம், பொரி போட நம்ம பங்காளி பெருமாள் மகனைக் கூப்பிடுன்னுட்டார். ஜோதிமணி சிப்காட் வேலையிலருந்து வந்தா அந்தப் பத்திரிகையத்தான் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒரே ஒரு தடவ, அண்ணன் எழுதினதை அண்ணனே அழிக்க முடியாதா பெரியம்மான்னா.

குருக்களைப் போய்க் கேட்டேன். வாயில போடுற பண்டத்தைத்தான் மனுசன் விட முடியும், ஊரெல்லாம் சேத்தியில்ல, உங்க பையன் காசியில ஒண்ணுமே விடலைன்னுதான் அர்த்தம்னார். அதனால நீ இப்ப போயிருக்கிற லக்னோவுலருந்து மறுபடி காசிக்குப் போ, கத்திரிக்காய விடு, உனக்கு அதுதானே உசுரு. விட்டுட்டு, நான் விட்டது கத்திரிக்காய், ஊரை இல்லன்னு அதே பத்திரிகையில எழுது. முதல்ல விடு, அப்பறம் எழுது, பொய்யெழுதின பாவம் வேற வேண்டாம். லட்சுமியம்மாளும் பெரியப்பாவும் அதை அச்சுல பாத்தாத்தான் நம்புவாங்க.

ஆவணி இருபத்தஞ்சு ஞாயித்துக்கெழம முகூர்த்தம். முந்தின நாளே வந்து சேரு, பேன்ட் போட்டு நிக்காத, வேட்டி எடுத்துட்டு வா. தீர்க்காயுசா இரு. பந்தியில எண்ணெய்க் கத்திரிக்காய்தான்னு சமையல்காரர்கிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் வழிச்சு வழிச்சுச் சாப்பிடுவாங்க, நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

இப்படிக்கு,
பெரியம்மா வீரலட்சுமி